பத்து வரை எண்ணுங்கள்



சேமிப்பு, உள்கடன், கணக்கு எழுதுவது, கறவை மாடு பராமரிப்பு என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் படித்து வருகிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. பள்ளிக்கூடம் போக முடியாத ஒரு பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு தாயைப் பற்றியது. அவர் வேறு யாருமில்லை, நம் கூட்டமைப்பு உறுப்பினர்தான். எட்டாவது வரை படித்தவர். "என் பேரும் பையன் பேரும் போட வேண்டாம் மேடம், விஷயத்தை மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா, தம்பி என்றே எழுதுகிறோம்.

வழக்கம்போலப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். அவசரம் வேண்டாம். ஒரே கூட்டத்தில் முடிக்க முடியாவிட்டால் மீதியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு வருடம்

தம்பி 2011-ல் பிறந்தான். பிறந்தவுடன் அழவில்லை. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். 5 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறியது. தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் எல்லாம் வரும்" என்றார்கள் பெரியவர்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள், மந்திரித்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள். ஒன்றரை வயதில்தான் அரசு மருத்துவமனையில் 'மூளை முடக்குவாதம்' என்று பெயர் சொன்னார்கள்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் சில வருடங்களிலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் வருவது மூளை முடக்குவாதம். கை கால் அசைவையும், உட்காருவதையும், பேச்சையும் அது பாதிக்கும். இது தொற்று நோய் கிடையாது. யார் செய்த பாவமும் கிடையாது. இன்னொன்றும் முக்கியம். பேச்சு வராத பிள்ளைக்குப் புத்தியும் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது தவறு. நாம் பேசுவதை நன்றாகப் புரிந்துகொண்டு, பதில் சொல்ல வாய் ஒத்துழைக்காமல் தவிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

குழந்தைக்கு 5 மாதத்திலும் தலை நிற்கவில்லை, 9, 10 மாதத்திலும் உட்காரவில்லை என்றால் "அப்புறம் சரியாகும்" என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் மாமியார், அக்கா, தம்பி. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூக்குவது எல்லாம் அக்காதான். நூறு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. குழுக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

நாங்கள் செய்த தவறு

2017-ல் நாங்கள் சமூகப்பணி படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. குழுவின் பதிவேடுகளைப் பார்க்கும்போது இந்த அக்கா பேரில் மட்டும் வராததற்கு அபராதம் 140 ரூபாய் ஏறியிருந்தது. "விதின்னா எல்லாருக்கும் ஒன்னுதான், வசூல் பண்ணுங்க" என்று ஊக்குநரிடம் சொன்னோம். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. மடியில் படுக்க வைத்து அக்கா பிசைந்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. "ஏதாவது ஹோம்ல விட்டுடுங்கக்கா. நீங்களும் நாலு இடம் போய் வரலாம்" என்றோம். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னோம். அக்கா சோற்றுக் கையோடு எங்களைப் பார்த்தார். "அவனுக்கு என்ன வேணும்னு எனக்கு மட்டும்தான் தெரியும் மேடம். அங்க அவன் யார்கிட்ட சொல்லுவான்?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. வீட்டு நிலைமை தெரியாமல் அபராதம் போடச் சொன்னதும், கேட்காமல் ஹோமுக்கு வழி சொன்னதும் எங்கள் தவறு. அதை இங்கே ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அக்கா சொன்ன அந்த வார்த்தையும் எங்களுக்குள் நின்றுவிட்டது. "எனக்கு மட்டும்தான் தெரியும்." அது பாசத்தில் வந்த வார்த்தை. அதற்குள் ஓர் ஆபத்தும் இருந்தது. அது என்ன என்று போகப் போகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு "கழிப்பறை வசதி இல்லை, யார் பார்த்துக்கொள்வது?" என்று தயங்கினார்கள். வட்டார வள மையத்துக்குப் போனோம். அங்கேதான் வழி கிடைத்தது.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை. 2012-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். கடுமையான ஊனம் உள்ள பிள்ளைகளும், ஒன்றுக்கு மேற்பட்ட ஊனம் உள்ள பிள்ளைகளும் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று அதில் சேர்த்தார்கள். இதைத்தான் வீட்டுவழிக் கல்வி என்கிறோம். பிள்ளையின் பெயர் பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். வீட்டுவழிக் கல்வி நாம் விரும்பிக் கேட்டுப் பெறுவது. "உங்க பிள்ளைய வீட்டுலயே வச்சுக்குங்க" என்று பள்ளிக்கூடம் நம் மேல் சுமத்தக் கூடாது. பள்ளிக்குப் போகக்கூடிய பிள்ளை பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

முதல் பாடம்: பால் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?

சிறப்பாசிரியர் முதல் நாள் வந்தபோது நாங்களும் கூட இருந்தோம். புத்தகம், சிலேட்டு எதுவும் எடுக்கவில்லை. இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் பால், ஒன்றில் தண்ணீர். தம்பி முகத்துக்கு நேரே இரண்டையும் காட்டி, "எது வேணும் தம்பி?" என்றார்.

"அவனுக்குப் பால்தாங்க" என்றார் அக்கா.

"நான் தம்பியக் கேட்டேன்க்கா. நீங்க மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க."

எல்லோரும் எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து, ஆறு. தம்பியின் தலை ஆடியது. எட்டு எண்ணும்போது கண் தண்ணீர் டம்ளர் பக்கம் திரும்பி அங்கேயே நின்றது.

"ஆறு வருஷமா அந்த நேரத்துக்குப் பாலத்தான் குடுத்திட்டிருந்தேன் மேடம். அன்னைக்கு அவன் தண்ணி கேட்டான்" என்று அக்கா இன்றும் சொல்வார்.

ஆபத்து என்று சொன்னோமே, அது இதுதான். பிள்ளைக்காக நாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு மனதில் தோன்றியது கைக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் வந்து சேர நேரம் பிடிக்கும். நாம் மூன்று எண்ணுவதற்குள் முந்திக்கொள்கிறோம். எட்டாவது எண்ணில் வரும் பதிலை நாம் பார்ப்பதே இல்லை. பிள்ளையும் முயற்சி செய்வதை விட்டுவிடுகிறது. அதனால்தான் பத்து வரை எண்ணச் சொன்னார்கள்.

கேளுங்கள். பத்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகு உதவுங்கள். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

இரண்டாம் பாடம்: கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுங்கள்

அடுத்து சாப்பாடு. படுக்க வைத்து ஊட்டக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். தலை பின்னால் சாய்ந்திருந்தால் சோறும் தண்ணீரும் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். அடிக்கடி நெஞ்சுச் சளி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சுவர் மூலையில் நிமிர்ந்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, தலை லேசாக முன்னால் குனிந்திருக்கும்படி வைத்து ஊட்ட வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கப் போடாமல் அரைமணி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஸ்பூன் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றினார்கள். தம்பிக்கு இடது கை கொஞ்சம் வரும். அந்தக் கையில் கொடுத்து, அக்காவின் கையை மேலே வைத்து வாய் வரை கொண்டு போனார்கள். வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா கையை எடுத்துவிட வேண்டும். கடைசி நான்கு விரல்கடை தூரம் தம்பியே கொண்டு போக வேண்டும். அது வந்த பிறகு பாதி தூரம். அதற்குப் பிறகு தட்டிலிருந்தே.

எந்த வேலையையும் இப்படிப் பிரிக்கலாம். சட்டை போடுவதா? எல்லாம் நாம் செய்துவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளைக்கு விடலாம். கடைசிப் படியைப் பிள்ளை செய்யும்போது வேலை முடிந்த சந்தோஷமும் பிள்ளைக்கே கிடைக்கிறது. மறுநாளும் செய்ய ஆசை வருகிறது.

இது சொல்வதற்கு எளிது. பாதிச் சோறு கீழே கொட்டியது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "புள்ளையப் பட்டினி போட்டு வேடிக்கை பாக்குறா" என்றார் மாமியார். "பெத்தவளுக்கே ஈவு இரக்கம் இல்ல" என்று பக்கத்து வீட்டிலும் பேசினார்கள். அக்கா ராத்திரி அழுதிருக்கிறார். அதற்காக விடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். வயிறு நிறைய அவரே ஊட்டிவிட்டு, கடைசி ஐந்து வாயை மட்டும் தம்பிக்கு விட்டார். பசியும் ஆறியது, பாடமும் நடந்தது. ஐந்து வாய் பத்தாக ஒரு மழைக்காலம் ஆனது. எட்டரை வயதில் தம்பி ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைத் தானே சாப்பிட்டான். அன்று முதலில் ஓடிவந்து பக்கத்து வீட்டைக் கூப்பிட்டது மாமியார்தான்.

சமையலறையே வகுப்பறை

எழுத்தும் எண்ணும் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அக்கா தனியாக நேரம் ஒதுக்கவில்லை. செய்கிற வேலையோடு சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்.

* எண்: புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக டப்பாவில் போடுவது. டங் என்று சத்தம் கேட்பதால் தம்பிக்குப் பிடித்துவிட்டது. முதலில் 3 வரை, பிறகு 5, பிறகு 20.

* எழுத்து: தட்டில் கேழ்வரகைப் பரப்பி, தம்பியின் விரலைப் பிடித்து எழுதுவது. பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்கும் எழுத்து வடிவம் மனதில் பதியும்.

* பெரியது, சிறியது: பானை, சொம்பு, டம்ளர். சூடு, குளிர்ச்சி: வெந்நீர், பானைத் தண்ணீர். பாதுகாப்பான சூட்டில் தொட்டுப் பார்க்க வைப்பது.

* நாட்கள்: ரேஷன் வாங்கும் நாள், சந்தை நாள், குழுக் கூட்ட நாள். காலண்டரில் பொட்டு வைப்பது.

* பேச்சு: பழைய அட்டையில் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, வலி, வெளியே, வேண்டாம் என்று ஆறு படங்கள். தம்பி விரலால் தொட்டுச் சொல்வான். கை வராதபோது கண்ணால் காட்டுவான்.

'வேண்டாம்' என்கிற படத்தை மறந்துவிடாதீர்கள் என்று சிறப்பாசிரியர் அழுத்திச் சொன்னார். அதன் காரணம் பின்னால் வருகிறது.

நாற்பது பக்க நோட்டு

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். தினமும் ஒரு வரி. பெரிதாக ஒன்றும் இருக்காது. "ஸ்பூன் 3 தடவை வாய்க்குப் போச்சு." "இன்னைக்குக் காய்ச்சல்." "ஒன்னும் இல்ல." "அப்பா போன் பேசும்போது சிரிச்சான்." "ஒன்னும் இல்ல." "ஒன்னும் இல்ல." "7 கொட்டை போட்டான், நான் சொல்லாமலே நிறுத்தினான்."

ஒரு வருடம் கழித்து அந்த நோட்டை அவருடைய திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் சத்தமாகப் படித்தோம். அக்காவே ஆச்சரியப்பட்டார். "தெனமும் பாக்குற கண்ணுக்குப் புள்ள வளர்றது தெரியல மேடம். நோட்டுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நம் சேமிப்புப் புத்தகமும் அப்படித்தானே. வாரம் 20 ரூபாய் போடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வருடக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நன்றாக நடக்கிற, ஓடுகிற பிள்ளைகளுக்கும்கூட இப்படி ஒரு நோட்டு போடலாம். மார்க் ஷீட்டில் வராத வளர்ச்சி எவ்வளவோ இருக்கிறது.

எல்லா அம்மாவும் டீச்சர் ஆன காலம்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடின. சிறப்பாசிரியரும் வர முடியவில்லை. ஊரில் இருந்த எல்லா அம்மாக்களும் ஒரே நாளில் டீச்சர் ஆனார்கள். "இந்தப் பையன ஒரு பக்கம் படிக்க வைக்கிறதுக்குள்ள உசுரு போகுது" என்று புலம்பாத வீடு இல்லை.

அந்த ஊரில் அனுபவம் உள்ள ஒரே ஆள் நம் அக்காதான். ஊரடங்கு தளர்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் இடைவெளி விட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அக்கா அவர்களுக்கும் பத்து எண்ணினார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். "என் பொண்ணு பதில் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன், யோசிக்கத்தான் நேரம் கேட்டிருக்கா" என்று ஒரு உறுப்பினர் எங்களிடம் சொன்னார்.

தம்பிக்கும் அந்த நாட்களில் ஒரு பெரிய லாபம். ஒன்பது வயதில்தான் அவனுக்கு முதன்முதலில் கூட்டாளிகள் கிடைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் படஅட்டையைப் புரிந்துகொண்டார்கள். "அவன் வெளியே வரேங்கிறான் அத்தை" என்று அவர்களே வந்து சொன்னார்கள். "எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பது அன்றோடு முடிந்தது.

அம்மா ஒருத்தியே டீச்சர், ஒருத்தியே கூட்டாளி, ஒருத்தியே உலகம் என்று இருக்கக் கூடாது. வீட்டில் படித்தாலும் பிள்ளைக்குத் தெரு வேண்டும், திண்ணை வேண்டும், வயதுப் பிள்ளைகள் வேண்டும்.

பிள்ளை பெரியவன் ஆகிறான்

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் குளிப்பாட்டப் போனபோது தம்பி சட்டையைக் கழற்ற விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்குக் கோபம் வந்தது. வேலை கிடந்தது, இடுப்பு வலி வேறு. ஆனாலும் பழக்கத்தில் பத்து எண்ணினார். தம்பி 'வேண்டாம்' படத்தைப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் பார்த்தான். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எம்புள்ளைக்கு வெக்கம் வந்திருச்சு மேடம்" என்று சொல்லும்போது அக்கா சிரித்தார், கண்ணும் கலங்கியது. ஊரே குழந்தையாக நினைத்துக்கொண்டிருந்த பையன் பெரியவன் ஆகிவிட்டான். அன்று முதல் கதவைச் சாத்தித்தான் குளியல். அப்பா வரும் நாளில் அப்பா, மற்ற நாளில் முடிந்தபோதெல்லாம் தாய்மாமன். சோப்புப் போடும் வேலையில் பாதி தம்பியுடையது.

உடம்பு வளர்வது ஊனம் பார்த்து நிற்காது. மீசையும் வரும், கூச்சமும் வரும், கோபமும் வரும். அதை மதிக்க வேண்டும். பேச முடியாத பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள், "இது யார்கிட்ட சொல்லப் போகுது" என்கிற தைரியத்தில்தான் நடக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் 'வேண்டாம்' சொல்லப் பழக்குவது அவ்வளவு முக்கியம். வீட்டில் அம்மாவே அந்த 'வேண்டாம்' என்பதை மதிக்காவிட்டால், வெளியாளிடம் பிள்ளை எப்படிச் சொல்லும்? 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் போக்சோ சட்டம் 2012 பாதுகாக்கிறது. சந்தேகம் வந்தால் 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

குழு செய்த காரியம்

அந்த 140 ரூபாய் அபராதம் என்ன ஆனது? குழு கூடிப் பேசித் தள்ளுபடி செய்தது. அதோடு நிற்கவில்லை. "அக்கா வர முடியலன்னா கூட்டம் அங்க போகட்டும்" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து கூட்டம் அக்கா வீட்டுத் திண்ணையில்தான். ஒரு பைசா செலவில்லை.

தம்பி கூட்டத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொருவர் வரும்போதும் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட்டான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, விளையாட்டு என்று நினைத்தோம். ஒரு கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் 12 கையெழுத்து இருந்தது. தம்பி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தான். "என்ன தம்பி?" என்று ஊக்குநர் கேட்டார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அவன் எண் அட்டையில் மெதுவாக 1 தொட்டான், மறுபடியும் 1 தொட்டான். பதினொன்று. எண்ணிப் பார்த்தால் 11 பேர்தான் இருந்தோம். வராத ஒருவருக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் கையெழுத்துப் போட்டிருந்தார்! திண்ணையே சிரித்தது. கையெழுத்துப் போட்டவர் அபராதம் கட்டினார். வருகை எண்ணும் பொறுப்பு அன்றிலிருந்து தம்பிக்கு.

"எனக்கப்புறம்?"

இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லோரும் ராத்திரியில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. அக்காவும் கேட்கிறார். தம்பி நடக்கவில்லை. நடப்பான் என்று நாங்கள் பொய் சொல்லவும் மாட்டோம். அவனைத் தூக்கித் தூக்கி அக்காவுக்கு இடுப்பு தேய்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் யு.டி.ஐ.டி. அட்டையும் எடுத்து வையுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, சக்கர நாற்காலி, சிறப்பு நாற்காலி பற்றிக் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 இருக்கிறது. அதன் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவு பெறலாம்.

18 வயது முடிந்த பிறகு, தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கும். எல்லோருக்கும் அது தேவைப்படாது. தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் தன் முடிவைத் தானே எடுக்கலாம். அந்த நாளில் ஒரு அதிகாரி முன்னால் தம்பி தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கான பயிற்சி, பால் டம்ளரும் தண்ணீர் டம்ளரும் வைத்த அன்றே ஆரம்பித்துவிட்டது.

அக்காவிடம் போன மாதம் மறுபடியும் கேட்டோம், "தம்பிக்கு என்ன பிடிக்கும்?" என்று. "அவனையே கேளுங்க மேடம், கொஞ்சம் பொறுங்க, சொல்லுவான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

குழுவில் பேசுவதற்கு

1. நம் ஊரில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளை யாராவது உண்டா? கடைசியாக அந்த வீட்டுக்கு நாம் எப்போது போனோம்?

2. வராத உறுப்பினருக்கு அபராதம் போடும் முன் ஏன் வரவில்லை என்று கேட்டோமா?

3. நம் பிள்ளைகளுக்காக நாமே செய்துவிடும் வேலைகளில் எதன் கடைசிப் படியை இந்த வாரம் அவர்களுக்கு விடலாம்?

4. வீட்டில் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணிப் பாருங்கள். என்ன நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வட்டார வள மையத்துக்குச் சேர்ந்தே போவோம். ஒவ்வொரு பிள்ளையின் உடல்நிலையும் வேறு வேறு. ஆகவே உட்கார வைப்பது, ஊட்டுவது, கை கால் பயிற்சி எல்லாம் இயன்முறை மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் கேட்டுச் செய்யுங்கள். காத்திருப்பதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.